கம்மி விலைல புது போனா, ஒரு படி மேலயா, இல்ல நல்ல பழைய போனா?

என் தங்கச்சி அவ போன்ல பணம் அனுப்புறத ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். பேங்க் ஆப்ப தொறக்குறா, அக்கவுண்ட் நம்பர், தொகை எல்லாம் டைப் பண்றா, ஓடிபி வருது, அத பாக்க மெசேஜுக்குள்ள போறா, ஆறு நம்பரையும் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே திரும்ப பேங்க் ஆப்புக்கு வர்றா, வந்து பாத்தா ஆப் மறுபடி லோகோவ காட்டி மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. போட்டது எல்லாம் போச்சு, அந்த ஓடிபியும் வீண். மூணு தடவ இப்படியே ஆச்சு. நாலாவது தடவ அவ மெசேஜ தொறக்கவே இல்ல, மேல ஒரு செகண்ட் எட்டிப் பாக்குற நோட்டிஃபிகேஷன்லயே நம்பர படிச்சு போட்டு முடிச்சிட்டா. "இதுல இப்படித்தாண்ணா பண்ணணும், பழகிடுச்சு"ன்னு சொன்னா. எனக்கு கேக்கவே கஷ்டமா இருந்துச்சு.

அந்த போன் கெட்டுப்போகல. ராம், அதாவது தொறந்திருக்குற ஆப்புங்கள தாங்குற தற்காலிக மெமரி, 2 ஜிபி, அவ்ளோதான் விஷயம். சிஸ்டம் ஓடறதுக்கே அதுல பாதிக்கு மேல போயிடும், மிச்சத்துல பேங்க் ஆப் ஒக்காந்திருக்கு, மெசேஜ் ஆப்புக்கு எடம் வேணும்னா ஆண்ட்ராய்டு பின்னாடி இருக்குற ஆப்ப மூடிடும், திரும்பி வர்றப்ப அது புதுசா லோட் ஆகும். இது எந்த போன்லயும் நடக்குறதுதான், ஆனா 2 ஜிபில ரெண்டே ஆப்புக்கு நடக்குது. போன் ஸ்லோவா இருக்குன்னு சும்மா சொல்லிடறோம், நிஜத்துல அது இப்படித்தான் ஒருத்தரோட வேலைய கெடுக்குது.

சரி, அவளுக்கு வேற போன் வாங்கணும், கைல பெருசா காசு இல்ல. கம்மி பட்ஜெட்ல யாரு தேடினாலும் சுத்தி சுத்தி மூணு வழிதான் வரும். இருக்குறதுலயே விலை கம்மியான புது போன் ஒண்ணு. இன்னும் கொஞ்சம் பொறுத்து, காசு சேத்து, அதுக்கு ஒரு படி மேல உள்ள புது போன். இல்லன்னா அதே காசுக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த நல்ல மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தர விலை போன செகண்ட் ஹேண்ட்ல வாங்குறது. மூணையும் நான் சொந்தமாவோ வீட்டு ஆளுங்களுக்காகவோ பயன்படுத்திப் பாத்திருக்கேன். கேமரா எத்தனன்னு எண்ணாதீங்க, எத்தன வருஷம் ஓடும்னு பாருங்க, நான் யாருக்கு போன் பாத்துக் குடுத்தாலும் இத வச்சுத்தான் முடிவு பண்றேன்.

மொதல் வழிய மட்டமா பேச எனக்கு மனசு வரல, ஏன்னா அதுல நெஜமாவே நல்ல விஷயங்கள் இருக்கு. பேட்டரி 5000 எம்ஏஎச் பக்கம் இருக்கும், ஸ்கிரீன் 720 பிக்சல்தான், போனோட மூளையான சிப்பும் சின்னது, அதனால சார்ஜ் நிதானமாத்தான் கொறையும், கொஞ்சமா பயன்படுத்துறவங்களுக்கு ரெண்டு நாள் கூட நிக்கும். இயர்போன் குத்துற 3.5 மிமீ ஓட்டை, எஃப்எம் ரேடியோ, ரெண்டு சிம் போட்டும் மெமரி கார்டுக்குன்னு தனி எடம், இதெல்லாம் விலை ஒசந்த போன்கள்ல கழட்டி எடுத்துட்டாங்க, இங்க இன்னும் இருக்கு. கால் பேச, வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்ப, பாட்டு கேக்க, வீடியோ பாக்க, ஒரு நேரத்துல ஒரு வேலைன்னு இருக்குறவங்களுக்கு இது போதும். சார்ஜிங் மட்டும் பொறுமை வேணும், பெரும்பாலும் 10 வாட்தான், காலியானதுல இருந்து முழுசா ஏற கிட்டத்தட்ட 3 மணி நேரம். இன்னொண்ணு, மைக்ரோ யூஎஸ்பி பின் இருக்குற பழைய மாடல தள்ளி விட நெறைய பேர் பாப்பாங்க, அத விட்டுட்டு டைப்-சி இருக்குறதா பாருங்க.

2 ஜிபி ராம் போன்ல பொதுவா ஆண்ட்ராய்டு கோன்னு ஒரு லைட் வெர்ஷன் இருக்கும், சில 3 ஜிபி, 4 ஜிபி போன்லயும் அதையே போட்டிருப்பாங்க. இது 2017 டிசம்பர்ல வந்தப்ப 1 ஜிபி, அதுக்கும் கீழ ராம் இருக்குற போன்களுக்குன்னு வந்தது. ஆண்ட்ராய்டு 13 வந்தப்ப இந்த லைட் வெர்ஷனுக்கே குறைஞ்சது 2 ஜிபி ராமும் 16 ஜிபி ஸ்டோரேஜும் வேணும்னு கூகுள் ஏத்திடுச்சு. அதாவது அப்பவே 2 ஜிபின்னா லைட் சிஸ்டம் ஓடவே அதுதான் கடைசி எல்லை, அதுக்கு மேல ஆப்புங்க வருஷா வருஷம் பெருசாகிட்டேதான் போகும். லைட் ஆப்பு இருக்கேன்னு நம்பி வாங்கவும் முடியாது, யூடியூப் கோவ 2022 ஆகஸ்ட்ல நிறுத்திட்டாங்க. இந்த கோ வெர்ஷன்ல ஸ்கிரீன ரெண்டா பிரிச்சு ரெண்டு ஆப் பாக்க முடியாது, ஒரு ஆப் மேல இன்னொரு ஆப்போட குமிழி மெதக்குறது எல்லாம் வராது. அது தேவைப்படாதவங்களுக்கு குறையாவே தெரியாது, அது வேற.

ராம் பத்தி எல்லாரும் கேக்குறாங்க, ஸ்டோரேஜ் பத்தி யாரும் சரியா கேக்குறதில்ல, எனக்கு ரொம்ப ஆதங்கம் இதுலதான். 32 ஜிபின்னு பாக்ஸ்ல போட்டிருக்கும், சிஸ்டமும் அவங்களே போட்டுக் குடுக்குற ஆப்புங்களும் போக கைக்கு 20 ஜிபி கூட வராது. அதுல வாட்ஸ்அப் குரூப்ல வர்ற காலை வணக்கம் போட்டோவும் வீடியோவும் தானா டவுன்லோட் ஆகி ஒரு வருஷத்துல ரொப்பிடும். அப்புறம் ஆப் அப்டேட் ஆகாது, ஏன்னா அப்டேட்டுக்கே தற்காலிகமா எடம் வேணும், பேங்க் ஆப் பழைய வெர்ஷன்ல ஓடமாட்டேன்னு சொல்லும், உக்காந்து போட்டோவா அழிக்கணும். என் தங்கச்சி அவ பையனோட சின்ன வயசு வீடியோ ரெண்ட இப்படி ஒரு நாள் அவசரத்துல அழிச்சிட்டா, அதுக்கு பேக்கப்பும் கெடையாது. மெமரி கார்டு போட்டுக்கலாமேன்னா, போட்டோவும் வீடியோவும் அதுல போகும் சரி, ஆப்புங்க அனேகமா உள் ஸ்டோரேஜ்லயேதான் இருக்கும்.

இதுல இன்னொரு நுணுக்கம், ஸ்டோரேஜோட ரகம். கம்மி விலை போன்ல ஈஎம்எம்சின்னு ஒண்ணு, அதுக்கு மேல உள்ள போன்ல யூஎஃப்எஸ்னு ஒண்ணு. ஈஎம்எம்சி ஒத்தையடிப் பாதை மாதிரி, ஒரு நேரத்துல ஒண்ணு படிக்கும் இல்ல எழுதும், ரெண்டும் சேந்து நடக்காது. யூஎஃப்எஸ்ல ரெண்டும் ஒரே நேரத்துல போகும். ஈஎம்எம்சி 5.1ல இணைப்போட உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பிதான், யூஎஃப்எஸ் 2.2 அதுக்கு ரெண்டு மூணு மடங்கு. கைல எப்படி தெரியும்னா, பிளே ஸ்டோர் பின்னாடி ஆப் அப்டேட் பண்ணிக்கிட்டு இருக்கும், நீங்க கேமராவ தட்டுவீங்க, கருப்பு ஸ்கிரீன் நிக்கும், நிக்கும், நிக்கும், குழந்த சிரிச்சு முடிச்சு ஓடிப் போன பிறகு கேமரா தொறக்கும். ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப இது இன்னும் மோசமாகும். பாக்ஸ்ல பெரும்பாலும் இத எழுத மாட்டாங்க, மாடல் பேர போட்டு ஸ்பெக் தேடிப் பாத்தா தெரியும், ரெண்டு நிமிஷ வேலை.

இப்ப ஒரு விஷயத்த கவனமா படிங்க. "8 ஜிபி ராம்"னு பெருசா போட்டு கீழ சின்ன எழுத்துல 4 கூட்டல் 4ன்னு இருக்கும். ரெண்டாவது 4 ராமே கெடையாது, ஸ்டோரேஜ்ல இருந்து ஒரு பகுதிய ராம் மாதிரி கடன் வாங்குறது. ராமோட வேகத்துக்கு ஸ்டோரேஜ் பக்கத்துலயே வராது, அதுவும் ஈஎம்எம்சின்னா கேக்கவே வேணாம். ஏற்கனவே எடம் இல்லாத 32 ஜிபில இருந்து 2, 3 ஜிபிய இது முழுங்கிடும், ஓயாம எழுதி எழுதி அழிக்கிறதால ஸ்டோரேஜுக்கும் தேய்மானம். நான் பாத்துக் குடுக்குற கம்மி விலை போன்ல எல்லாம் செட்டிங்ஸ்ல போய் இத ஆஃப் பண்ணிட்டுத்தான் குடுக்குறேன். உண்மையான ராம் எவ்ளோன்னு மட்டும் கேளுங்க.

ஆக்டா கோர்ங்கறதும் இதே மாதிரிதான். கோர்ங்கறது சிப்புக்குள்ள வேலை செய்யுற ஒரு பகுதி, ஆக்டான்னா எட்டு, எட்டு கோர்னா வேகமா இருக்கும்னு நெனைக்கிறோம். மீடியாடெக் ஹீலியோ ஜி35ல எட்டு கோர், எட்டுமே கார்டெக்ஸ் ஏ53, அது 2012ல அறிவிச்ச, சார்ஜ் மிச்சம் பண்றதுக்குன்னு செஞ்ச சின்ன கோர். யூனிசாக் டி606லயும் எட்டு கோர்தான், ஆனா அதுல ரெண்டு பெரிய ஏ75, ஆறு சின்ன ஏ55. பாக்ஸ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. ஆனா ஆப் தொறக்குறதும் கீபோர்டு எழும்புறதும் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு கோர்ல நடக்குற வேலை, அதனால எட்டு சின்ன கோர விட ரெண்டு பெரிய கோர் இருக்குறது கைக்கு நல்லாவே தெரியும்.

அப்புறம் பாக்ஸ்ல இருக்காத விஷயங்கள். தெரியாத எடத்துல பஸ்ஸ விட்டு எறங்கி மேப்ப தொறந்தேன், நீலப் புள்ளி இருக்கு, ஆனா எந்தப் பக்கம் பாத்து நிக்குறேன்னு காட்டுற அந்த சின்ன விசிறி இல்ல. கொஞ்ச தூரம் நடந்து புள்ளி எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து, தப்புன்னு தெரிஞ்சு திரும்பி, இப்படியே வெயில்ல மூணு தெரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த போன்ல காம்பஸ் சென்சாரே கெடையாது. இந்த விலைல பல போன்ல அது இருக்காது, போன் திரும்புறத கண்டுபிடிக்கிற ஜைரோஸ்கோப்பும் இருக்காது. டெலிவரி, டிரைவிங்னு மேப்ப வச்சு பொழைக்கிறவங்க இத பாக்காம வாங்கவே வாங்காதீங்க. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இல்லாத போனும் இருக்கு. ஃபிங்கர்பிரிண்ட் இல்லாம முகம் காட்டித் தொறக்குறது மட்டும் இருந்தா, அது முன்னாடி கேமராவ வச்சு பாக்குறதுதான், பாதுகாப்பு கம்மி, பேங்க் ஆப்புங்க பெரும்பாலும் அத ஏத்துக்காது, ஒவ்வொரு தடவையும் பின் நம்பர் அடிக்கணும்.

கேமரா பத்தி ரொம்ப பேச வேணாம். பின்னாடி மூணு வட்டம் இருந்தா அதுல ஒண்ணுதான் வேலை செய்யுற கேமரா, மிச்சம் 2 மெகாபிக்சல் மேக்ரோவோ டெப்த்தோ, சில போன்ல ஒரு வட்டம் சும்மா ஃபிளாஷ்தான். 50 மெகாபிக்சல்ங்கறதும் நாலு நாலு பிக்சலா சேத்து 12.5ஆதான் போட்டோ குடுக்கும், அது தப்பில்ல, ஆனா 50ன்னு மயங்க வேணாம். ஆட்டோஃபோகஸ் இருக்கான்னு மட்டும் பாத்துடுங்க, இல்லன்னா சர்டிஃபிகேட்ட போட்டோ எடுத்து அனுப்புறப்ப எழுத்தெல்லாம் மங்கிடும். ஸ்கிரீன் 6.5 இன்ச்ல 720க்கு 1600ன்னா இன்ச்சுக்கு 270 பிக்சல், தமிழ் எழுத்த சின்ன சைஸ்ல படிக்கிறப்ப சுழியெல்லாம் லேசா கொழகொழன்னு தெரியும், படம் பாக்க குறையில்ல. படம் பாக்குறவங்க வைட்வைன்ங்கற வீடியோ பாதுகாப்புல எல்1 இருக்கான்னு கேட்டுக்கோங்க, எல்3 மட்டும் இருந்தா காசு கட்டுற ஓடிடி ஆப்புங்க பொதுவா 480பிக்கு மேல குடுக்காது.

ரெண்டாவது வழி, ஒரு படி மேல. இதுக்கு நான் வச்சிருக்குற அளவு: நெஜ ராம் 4 ஜிபிக்கு கொறையாம, முடிஞ்சா 6, ஸ்டோரேஜ் 128 ஜிபி, சிப்புல ரெண்டு பெரிய கோராவது இருக்கணும், யூஎஃப்எஸ் கெடச்சா விடவே கூடாது. இந்த ஒரு படிக்கு குடுக்குற காசு மாதிரி வேற எந்தப் படிக்கு குடுக்குற காசும் வேலை செய்யாதுன்னு நான் நம்புறேன். மொதல் படி போன் ஒண்ணரை வருஷத்துலயே மூச்சு வாங்க ஆரம்பிச்சா, இது மூணு நாலு வருஷம் நிம்மதியா போகும், வருஷக் கணக்குல வகுத்துப் பாத்தா இதுதான் விலை கம்மி.

இந்தப் படிலதான் 5ஜி குழப்பம் வரும். ஒரே காசுக்கு ஒரு 4ஜி போனும் ஒரு 5ஜி போனும் நிக்கும், எத எடுக்குறது? 5ஜி மோடத்துக்கு போன காச வேற எங்கயாவது புடிச்சிருப்பாங்க, ராம்லயோ ஸ்டோரேஜ்லயோ ஸ்கிரீன்லயோ. 4 ஜிபி ராம், 64 ஜிபின்னு 5ஜி போன் இருந்து, பக்கத்துல 6 ஜிபி, 128 ஜிபின்னு 4ஜி போன் இருந்தா நான் 4ஜிதான் எடுப்பேன், ஏன்னா வாட்ஸ்அப்புக்கும் யூடியூபுக்கும் நல்ல 4ஜியே தாராளம், 5ஜி சிக்னல் அரைகுறையா இருக்குற எடத்துல அது மாறி மாறி சார்ஜ வேற குடிக்கும். ஆனா ராமும் ஸ்டோரேஜும் சமமா இருந்தா 5ஜி எடுங்க, அது நெட்டுக்காக இல்ல, சிப்புக்காக. மீடியாடெக் டைமென்சிட்டி 6300 மாதிரி சிப் 6 நானோமீட்டர்ல செஞ்சது, ரெண்டு ஏ76 கோர், கம்மி விலை 4ஜி சிப்புங்க பெரும்பாலும் 12 நானோமீட்டர், ஏ75. வேகமும் கூட, சூடும் கம்மி. 90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்ங்கறத, அதாவது நொடிக்கு எத்தன தடவ படம் மாறுதுங்கறத, இந்த விலைல கணக்குலயே எடுக்காதீங்க, சிப்பு தடுமாறினா அது எத்தன ஹெர்ட்ஸா இருந்து என்ன.

மூணாவது வழி எனக்கு ரொம்ப புடிச்சது, ஆனா எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். அதே காசுக்கு நல்ல ஸ்கிரீன், யூஎஃப்எஸ், கேமரால ஆட்டம் தாங்குற ஓஐஎஸ், காம்பஸ், ஜைரோ எல்லாம் கெடைக்கும், கைல எடுத்தவுடனே வித்தியாசம் தெரியும். ஆனா நீங்க வாங்குறப்பவே அதோட அப்டேட் காலத்துல பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும். செட்டிங்ஸ்ல அபவுட் போன்குள்ள செக்யூரிட்டி பேட்ச், அதாவது கடைசியா வந்த பாதுகாப்பு அப்டேட்டோட தேதின்னு இருக்கும், அது ஒரு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா, அந்த போன்ல பேங்க் வேலை பாக்குறத நான் ஒத்துக்க மாட்டேன். ஐபோன் இதுல தாராளம், 2019ல வந்த ஐபோன் 11க்கு 2025ல வந்த ஐஓஎஸ் 26 வரைக்கும் கெடச்சுது. புது ஆண்ட்ராய்டுலயும் மாறிக்கிட்டு வருது, சாம்சங் கேலக்ஸி ஏ16க்கு 6 வருஷம் அப்டேட்னு சொல்லியிருக்காங்க, விலை கம்மி வரிசைல இது பெரிய விஷயம், அதனால புதுசு வாங்குறப்பவும் எத்தன வருஷம் அப்டேட்னு கேட்டுட்டு வாங்குங்க.

பழைய போன்ல அடுத்த தலைவலி பேட்டரி. ஐபோன் 14 வரைக்கும் உள்ள மாடலுக்கு 500 முழு சார்ஜுக்கு அப்புறம் 80 சதவீதம் கொள்ளளவு நிக்குற மாதிரி செஞ்சிருக்கோம்னு ஆப்பிளே சொல்லுது, தெனம் ஒரு தடவ முழுசா ஏத்துறவருக்கு அது ஒண்ணரை வருஷக் கணக்கு. அதனால பழசு வாங்குறப்ப பேட்டரி மாத்துற காசையும் விலையோட சேத்துக்கோங்க, அத சேத்த பிறகும் லாபம்னா மட்டும் வாங்குங்க. நான் ஒரு தடவ இத விட்டுட்டேன், ஒரு ஆள்கிட்ட நேர்ல வாங்கினேன், அங்க சார்ஜ் 80 சதவீதம்னு காட்டுச்சு, வீட்டுக்கு வந்து கேமரா தொறந்தா 40ல ஆஃப் ஆகுது. இப்பல்லாம் கைல வாங்கினதும் கேமராவ வீடியோல ஓடவிட்டு பத்து நிமிஷம் பேச்சு குடுக்குறேன், அதுக்குள்ள எத்தன சதவீதம் எறங்குதுன்னு பாத்தா போதும். *#06# அடிச்சா வர்ற ஐஎம்ஈஐ நம்பர், அதாவது போனோட அடையாள நம்பர், பில்லுல, பாக்ஸ்ல உள்ளதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, இல்லன்னா திருட்டு போன் தலைல விழும். விக்கிறவர் அவரோட கூகுள் அக்கவுண்ட்ட உங்க கண்ணு முன்னாடி எடுத்துட்டு ரீசெட் பண்ணிக் குடுக்கணும், இல்லன்னா ரீசெட்டுக்கு அப்புறம் அவரோட பாஸ்வேர்ட் கேட்டு போன் செங்கல்லு மாதிரி நிக்கும். உங்க சிம்ம போட்டு ஒரு கால் பேசிப் பாருங்க, மைக், ஸ்பீக்கர், காதுல வைக்கிறப்ப ஸ்கிரீன் அணையுதா, வெள்ளை நிற படம் போட்டு ஸ்கிரீன்ல கறை இருக்கா. இதெல்லாம் பாக்கத் தெரிஞ்சவர் கூட இருந்தா மூணாவது வழி மாதிரி வராது. தனியா போறவங்க, வயசானவங்க, வாரண்டி இல்லாம சமாளிக்க முடியாதவங்க வேணாம்.

அம்மா அப்பா மாதிரி கால், வாட்ஸ்அப் வீடியோ காலோட நிறுத்திக்கிறவங்களுக்கு மொதல் வழி ஓகே, ஆனா அப்பவும் 2 ஜிபி, 32 ஜிபி வேணாம், 4 ஜிபி, 64 ஜிபியாவது எடுங்க. படிக்கிற பசங்க, பேங்க் வேலை, வண்டி ஓட்டுற வேலை, இவங்களுக்கு ரெண்டாவது. போட்டோ மேல ஆசை, கேம் மேல ஆசை, செக் பண்ணவும் தெரியும்னா மூணாவது.

தங்கச்சிக்கு ரெண்டாவதுதான் எடுத்தோம், ரெண்டு மாசம் தள்ளிப் போட்டு. 6 ஜிபி, 128 ஜிபி, யூஎஃப்எஸ், 4ஜிதான், பேட்ச் இன்னும் நாலு வருஷம் வரும்னு போட்டிருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி அங்க வச்சிருந்த டெமோ போன்ல ஒரு சோதனை பண்ணினோம், நீங்களும் பண்ணுங்க. மெசேஜ்ல பாதி வரி டைப் பண்ணி அப்படியே விட்டுட்டு, கேமரா தொறந்து ஒரு போட்டோ, மேப், யூடியூப்ல ஒரு வீடியோ, பிரவுசர்ல ஒரு பெரிய பக்கம், எல்லாம் சுத்திட்டு திரும்பி மெசேஜுக்கு வரணும். பாதி வரி அப்படியே கர்சரோட நின்னா போன் தாங்கும். மொதல்ல பாத்த போன்ல நிக்கல, இதுல நின்னுச்சு. வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்ல தானா டவுன்லோட் ஆகுறத நிறுத்திட்டேன், போட்டோ பேக்கப்ப ஆன் பண்ணிட்டேன். பழைய 2 ஜிபி போன ரீசெட் பண்ணி அம்மாகிட்ட குடுத்திருக்கு, அலாரத்துக்கும் எஃப்எம் ரேடியோவுக்கும், அதுல பேங்க் ஆப் மட்டும் போடல, பேட்ச் தேதி ரெண்டு வருஷம் பழசு.